மஞ்சள் பூட்ஸ்காரர் ஏன் வகுப்புக்குப் போனார்?

முதலில் ஒரு கேள்வி. தேசிய தினப் பேரணி உரையில் பெயர் சொல்லப்பட்டு, ஆங்கில வகுப்பில் சேருமாறு கூறப்பட்ட கற்பனைக் கதாபாத்திரம் எது?

பல்கலைக்கழக விடுதியில் இரவுச் சாப்பாடு முடிந்ததும், பழைய நகைச்சுவைத் தொடர்களைப் பற்றி இப்படித்தான் நாங்கள் ஒருவரை ஒருவர் மடக்கிக்கொள்வோம். ‘அண்டர் ஒன் ரூஃப்’ எந்த ஆண்டு தொடங்கியது? 1995. அதில் ஓயாமல் பழங்கதை சொல்லும் அப்பாவாக நடித்தவர் யார்? மோசஸ் லிம். முதல் கேள்விக்கும் விடை எளிதுதான்: புவா சூ காங். ஆனால், அந்த விடையோடு பேச்சு முடிவதில்லை.

‘புவா சூ காங் பிரைவெட் லிமிடெட்’ 1997 முதல் 2007 வரை ஒளிபரப்பானது. சுருட்டை முடி, முகத்தில் பெரிய மச்சம், மஞ்சள் பூட்ஸ், வாயைத் திறந்தால் சிங்லிஷ். இந்தச் சீனக் குத்தகையாளராக நடித்தவர், சீக்கியத் தந்தைக்குப் பிறந்த குர்மித் சிங்.

மாணவர்கள் இவரைப் பார்த்து சிங்லிஷ் பேசுகிறார்களே என்ற கவலையை 1999ஆம் ஆண்டு உரையில் அப்போதைய பிரதமர் கோ சோக் டோங் எழுப்பினார். ஊழியர்களுக்கான அடிப்படைக் கல்வி வகுப்பில் புவா சூ காங்கைச் சேர்க்கலாமே எனத் தொலைக்காட்சி நிறுவனத்திடம் கேட்டதாகவும், நிறுவனம் அவரைச் சேர்த்துவிட்டதாகவும் சொன்னார். மறு ஆண்டே ‘நல்ல ஆங்கிலம் பேசுவோம்’ இயக்கம் தொடங்கியது.

இந்த இடத்தில் எங்கள் குழு இரண்டாகப் பிரிந்துவிடும். “சிரிக்க வைக்கிற தொடர் எதுக்குடா இங்லிஷ் டீச்சர் ஆகணும்?” என்பான் ஒருவன். “இன்டர்வியூவுல லா, லோர்னு பேசினா வேலை கிடைச்சிடுமா?” என்பாள் இன்னொருத்தி. இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு.

இன்னொரு துணுக்கையும் சேர்த்துப் பாருங்கள். 2003இல் சார்ஸ் பரவியபோது, மக்களுக்குச் சுகாதாரத்தை நினைவூட்ட ராப் பாடலோடு வந்தவரும் இதே புவா சூ காங்தான். வகுப்புக்கு அனுப்பப்பட்டவரின் குரல், நெருக்கடியில் தேவைப்பட்டது.

குர்மித் சிங்குக்குப் பல மொழிகள் தெரியும், ஆனால் புவா சூ காங்குக்கு சிங்லிஷ் மட்டுமே தெரியும் என்று திரு கோ அதே உரையில் குறிப்பிட்டார். என் விடை அந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. சிங்லிஷ் தெரிவதில் தவறில்லை. அது மட்டுமே தெரிந்தால்தான் சிக்கல்.

தமிழிலும் நமக்கு இதே கதைதான். வீட்டில் “வந்துட்டேன்” என்கிறோம், கட்டுரையில் “வந்துவிட்டேன்” என்று எழுதுகிறோம். பள்ளியில் வாய்மொழித் தேர்வின்போது எதைச் சொல்வது என்று தயங்கியே நான் பலமுறை மௌனமாக இருந்திருக்கிறேன். பேச்சுத்தமிழுக்கும் வகுப்பறையில் இடம் வேண்டும் என்று தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு 2005இல் பரிந்துரைத்தது. பேச்சுத்தமிழைத் தாழ்வாக நினைத்தால், பலர் வாயையே திறக்க மாட்டார்கள். எழுத்துத்தமிழைக் கைவிட்டால், நாளிதழோ நாவலோ நமக்கு எட்டாது. இடமறிந்து மாற்றிப் பேசும் குர்மித் சிங்கின் திறன்தான் நமக்கும் தேவை.

அடுத்த முறை நண்பர்கள் ஏதாவது ஒரு துணுக்குக் கேள்வி கேட்டால், விடையைச் சொல்லிவிட்டு ‘ஏன்?’ என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்கள். அப்படியே வீட்டுப் பெரியவர்களிடம், அவர்கள் ரசித்த உள்ளூர்த் தமிழ் நகைச்சுவைத் தொடர்களைப் பற்றியும் விசாரியுங்கள். பாடப்புத்தகத்தில் வராத சிங்கப்பூர் வரலாறு அவர்களின் நினைவில்தான் இருக்கிறது.