புறநாட்டார் கண்ட மொராக்கோ

ஆப்பிரிக்காவின் வடமேற்கு மூலையில், அட்லாண்டிக் பெருங்கடலும் மத்தியதரைக் கடலும் கரைதொட அமைந்த நாடு மொராக்கோ. அந்நாட்டின் தொன்னகரமாகிய ஃபெஸ்ஸின் சந்துகளில் நடந்து செல்வோருக்கு இருமருங்கிலும் பெரும்பாலும் தெரிவன உயர்ந்த வெறுஞ்சுவர்களே. வீதியை நோக்கிய சாளரங்கள் மிகச் சில. கதவு திறந்து, வளைந்து செல்லும் நடையைக் கடந்த பின்னரே நடுமுற்றமும், நீரூற்றும், வண்ண ஓடுகள் பதித்த சுவர்களும் கண்ணுக்குப் புலனாகும். வீட்டின் அழகு முழுவதும் உள்நோக்கி அமைந்திருக்கிறது.

இத்தகைய நாட்டுக்கு விருந்தினராகச் சென்று நூல் எழுதியோர் பலர். அந்நூல்களைப் படிக்கும்போது நாம் ஒரு வினாவை மனத்திற் கொள்ளுதல் நன்று. இவருக்குக் கதவைத் திறந்துவிட்டவர் யார்? அதற்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே அவர் கண்டதும் காணத் தவறியதும் அமைகின்றன.

1912 முதல் 1956 வரை மொராக்கோவின் பெரும்பகுதி பிரான்சின் பாதுகாப்பாட்சியின் கீழ் இருந்தது. 1917-இல், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, அமெரிக்க நாவலாசிரியை எடித் வார்ட்டன் பிரெஞ்சு ஆட்சித் தலைவர் லியோத்தேயின் விருந்தினராக அங்கே சென்றார். இராணுவ மோட்டார் வண்டியில் நாட்டைச் சுற்றினார். 1920-இல் வெளிவந்த அவருடைய நூல் மாளிகைகளையும் மசூதிகளையும் கடைவீதிகளையும் நுட்பமாக வருணிக்கிறது. லியோத்தேயின் ஆட்சியையும் வாயாரப் புகழ்கிறது. பெண்ணாதலின், அயல் ஆடவர் புக இயலாத அந்தப்புரங்களுக்குள்ளும் அவர் சென்றார். அங்கிருந்த பெண்டிரோடு பிறர் மொழிபெயர்த்துச் சொல்லச் சிறிது நேரம் உரையாடினார். அவர்கள் வெளிறிய முகத்தினர், ஊக்கமற்றவர், உலகம் அறியாதவர் என்ற எண்ணத்தோடு திரும்பினார்.

இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 1940-இல், அதே ஃபெஸ் நகரத்து அந்தப்புரம் ஒன்றில் பிறந்தவர் பாத்திமா மெர்னீஸி. பின்னாளில் சமூகவியல் அறிஞராகப் புகழ்பெற்ற இவர், தம் இளமைக் காலத்தைக் கதைபோல் சொல்லும் நூலொன்றை 1994-இல் வெளியிட்டார். பெண்டிர் அடைபட்டிருந்ததை இவரும் மறுக்கவில்லை. வாயிலில் காவலன் அமர்ந்திருந்ததைச் சொல்கிறார். ஆனால் அச்சுவர்களுக்குள்ளே நடந்தவற்றையும் சொல்கிறார். மாலை வேளைகளில் பெண்கள் மொட்டைமாடியில் கூடி நாடகம் நடித்தனர், கதை கேட்டனர். ஆடவர் கூடத்தில் பூட்டி வைத்திருந்த வானொலிப் பெட்டியை, அவர்கள் வெளியே சென்றதும் மறுசாவி கொண்டு திறந்து, கெய்ரோ நிலையத்தின் ஒலிபரப்பைக் கேட்டு மகிழ்ந்தனர். ஒருநாள் குழந்தைகள் வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட, குட்டு வெளிப்பட்டது! வார்ட்டன் பொய் சொன்னார் என்று நாம் கூறத் தேவையில்லை. சிறிது நேர விருந்தினர் முன் எவரும் மறுசாவியை எடுத்துக் காட்டமாட்டார் அன்றோ?

ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் சென்ற காரணம் வேறு. நுரையீரல் நோயினால் வருந்திய அவர், வெப்பமான இடத்தில் தங்குமாறு மருத்துவர் கூறியதன்பேரில், 1938-39 குளிர்காலத்தை மராகேஷ் நகரில் கழித்தார். அவருடைய கட்டுரையில் ஒரு நேர்மையான ஒப்புதல் உண்டு. கழுதைகளின்மேல் அளவுக்கு மீறிச் சுமை ஏற்றுவதை அவர் வந்திறங்கிய உடனேயே கண்டு சினந்தார். ஆனால் நாள்தோறும் தம் வீட்டைக் கடந்து விறகு சுமந்து சென்ற மூதாட்டியரைப் பல வாரங்கள் வரை அவர் கண் காணவேயில்லை. விறகு நகர்ந்து செல்வது தெரிந்தது. அதன் கீழே ஒரு மானிடப் பிறவி இருப்பது தெரியவில்லை. ஏழைகள் மிகுந்த நாட்டை ஆள்வோர் எவ்வாறு அமைதியாக உறங்குகின்றனர் என்பதற்கு அவர் தம் கண்ணையே சான்றாக்கினார்.

1954-இல் அதே மராகேஷுக்குச் சென்றவர் எலியாஸ் கனெட்டி. பல்கேரியாவில் யூதக் குடும்பத்தில் பிறந்து, ஜெர்மன் மொழியில் எழுதி, 1981-இல் நோபல் பரிசு பெற்றவர். அவர் அரபு மொழியையோ பெர்பர் மொழியையோ கற்றுக்கொள்ள வேண்டாமென்று மனமறிந்தே முடிவு செய்தார். பொருள் தெரிந்தால் ஒலியின் ஆற்றல் குன்றிவிடும் என்பது அவர் கருத்து. ஜெமா எல்-ஃப்னா என்னும் பெருஞ்சதுக்கத்தில் கதை சொல்வோரைச் சூழ்ந்து மக்கள் நிற்பதையும், கடிதம் எழுதிக் கொடுப்போர் அமைதியாகக் காத்திருப்பதையும், குருட்டு இரவலர் இறைவன் பெயரை ஓயாது கூவுவதையும் அவர் காதாலேயே வரைந்தார். இச்சதுக்கத்தின் வாய்மொழிக் கலைகளை யுனெஸ்கோ நிறுவனம் 2001-இல் மானிடப் பாரம்பரியச் செல்வமாக அறிவித்தது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்குக் கனெட்டியின் முடிவு முழுதும் உடன்பாடன்று. கதைசொல்லி கூறிய கதை யாது என்பதை அந்நூல் நமக்குச் சொல்லவில்லையே!

அக்குறையை ஓரளவு நீக்கியவர் அமெரிக்கரான பால் பௌல்ஸ். 1947 முதல் தம் இறுதி நாளான 1999 வரை டாஞ்சியர் நகரையே வாழிடமாகக் கொண்டவர். 1959-இல் ஊரூராகச் சென்று அந்நாட்டு இசையை ஒலிநாடாவில் பதிவு செய்தார். எழுத்தறியாதவர் வாய்மொழியாகக் கூறிய கதைகளை ஆங்கிலமாக்கினார். இருபது வயதளவில் எழுதப் படிக்கக் கற்ற முகம்மது சுக்ரி என்பார் தம் பசி நிறைந்த இளமையை நூலாக எழுதியபோது, அதனை 1973-இல் ஆங்கிலத்தில் தந்தவரும் பௌல்ஸே. அந்நூல் அரபியில் வெளிவந்தது 1982-இல். அடுத்த ஆண்டே மொராக்கோ அரசு அதற்குத் தடை விதித்தது. 2000 வரை அத்தடை நீடித்தது. இவ்வளவு உதவி பெற்ற சுக்ரியும் பிற்காலத்தில் பௌல்ஸைப் பற்றிக் கடுமையாகவே எழுதினார். அரை நூற்றாண்டு உடன் வாழ்ந்தவரையும் உள்ளூரார் கேள்வி கேட்பர் என்பதை இது காட்டுகிறது.

இறுதியாக, எதிர்த்திசையில் வந்த ஒருவரை நினைவுகூர்வோம். டாஞ்சியரில் 1304-இல் பிறந்த இபன் பதூதா, தில்லியில் நீதிபதியாகப் பணியாற்றியவர். பின்னர் மதுரைக்கும் வந்தவர். அங்கே ஆட்சி புரிந்த சுல்தான் அவருக்குத் திருமண வழியில் உறவினர். ஆயினும் அச்சுல்தான் போரில் பிடிபட்டோரையும், அவர்களுடைய மனைவி மக்களையும் கொடுமையாகக் கொன்றதைக் கண்டு, அதனை இழிசெயல் என்றே தம் நூலில் பதிவு செய்தார். கதவைத் திறந்துவிட்டவரிடம் நன்றி இருக்கலாம். கண்ணை அவரிடம் ஒப்படைத்தல் ஆகாது.

சொந்த ஊரை விட்டு வேற்று மாநிலத்தில் வாழும் நாமும் ஒருவகையில் விருந்தினரே. இவ்வூர் மக்கள் இப்படிப்பட்டவர் என்று எளிதில் தீர்ப்புக் கூறிவிடுகிறோம். நான் தலைநகரில் பல்லாண்டுகளாக வாழ்கிறேன். எங்கள் குடியிருப்பின் வாயிலில் மரத்தடியில் துணி தேய்த்துத் தரும் முதியவரின் ஊர் எது, குடும்பம் எங்கே என்று சென்ற குளிர்காலத்தில்தான் கேட்டறிந்தேன். அதுவரை என் கண்ணுக்குத் தெரிந்தவை சட்டைகள் மட்டுமே.