பாறையும் படப்புள்ளியும்

தருமபுரியிலிருந்து கிருட்டிணகிரி நோக்கிச் செல்வோர்க்குக் காரிமங்கலத்தில் முதலில் தென்படுவது கோயிலைத் தாங்கிய குன்று. வெயில் சாயும் பொழுதில் சாம்பல் நிறப் பாறை செம்மை ஏற்கும். ஒளிப்படம் எடுப்போர் காத்திருக்கும் பொழுது அது. இவ்வட்டாரத்தின் நெடுநாள் நோய்க்கும் இத்தகைய பாறையே ஊற்றுக்கண்.

இங்குள்ள கருங்கல்லில் அப்படைட்டு, பயோட்டைட்டு முதலிய கனிமங்கள் உண்டு. அவற்றில் புளோரின் பொதிந்துள்ளது. மழை குறைந்த நிலத்தின் ஆழத்தில், பாறை வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கும் நீரில் அது புளோரைடாகக் கரைகிறது. புளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைக் கடந்த நீரைச் சிறுவயதில் ஆண்டுக்கணக்கில் பருகினால் பற்களில் கறை படியும். அளவு மேலும் மிகுந்தால் எலும்பு தடிக்கும், மூட்டுகள் இறுகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயற்பாட்டுக்கு வந்தது இத்துயர் தணிக்கவே. நன்னீர் இளந்தலைமுறையைக் காக்கும். முற்றிய நோயில் இறுகிய மூட்டு இளகுவதில்லை.

அவ்வாறு மூட்டு இறுகியவர் ஓவியம் தீட்ட விரும்பினால், அவருடைய உடலுக்குத் தூரிகை பெருஞ்சுமை. தோளை உயர்த்தியபடி நிற்க வேண்டும். வண்ணம் உலருமுன் முடிக்க வேண்டும். வலி இடைமறித்தால் வேலை கெடும். ஒளிப்படத்தின்மேல் தீட்டும் எண்ணிம ஓவியம் இந்த அவசரத்தை நீக்குகிறது. அதன் இயல்பு எண்களில் உள்ளது.

ஒளிப்படக் கருவியின் உணரிமேல் செம்மை, பசுமை, நீலம் ஆகிய நுண்வடிகட்டிகள் பரவியுள்ளன. 1976இல் பிரைசு பேயர் காப்புரிமை பெற்ற அமைப்பில், நான்கு புள்ளிகளில் இரண்டு பச்சை. மனிதக்கண் ஒளிவேறுபாட்டைப் பச்சையில் மிக நுட்பமாக உணர்வதே காரணம். வழக்கமான படக்கோப்பில் ஒவ்வொரு புள்ளியும் 0 முதல் 255 வரையிலான மூன்று எண்களாக நிற்கிறது. ஓவியர் தீண்டுவது இவ்வெண்களையே.

பாறை வெடிப்பின் படத்தையும் தம் கையின் படத்தையும் இந்நோயுற்ற ஒருவர் அடுக்குகளாக வைத்துப் 'பெருக்கல்' முறையில் கலப்பதாகக் கொள்வோம். ஓரிடத்தில் பாறையின் எண் 200, கையின் எண் 100 எனில், இரண்டையும் பெருக்கி 255ஆல் வகுக்க 78 வரும். இரு வண்ணக் கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தாற்போல் நிறம் இருள்கிறது, வெடிப்புகள் கைந்நரம்புகளாகின்றன. இதை வெறுங்கற்பனை என்று நான் கருதவில்லை. எலும்பின் கனிமமும் அப்படைட்டு இனத்ததே. அதன் படிகத்தில் ஐதராக்சில் இருந்த இடத்தில் புளோரைடு குடியேறுகிறது. பாறையில் இருந்தது மெய்யாகவே கைக்குள் உறைந்திருக்கிறது. குன்றை உள்ளபடி காட்டும் எந்த ஒளிப்படமும் இவ்வுண்மையைக் காட்டாது.

உடல் மறுத்தபின் கருவியை மாற்றிக்கொண்ட கலைஞர் நம் நாட்டிலேயே உண்டு. சாந்திநிகேதனத்தின் வினோத் பிகாரி முகர்ஜி பார்வையை முற்றும் இழந்தபின் வண்ணத்தாள்களை வெட்டி ஒட்டி உருவங்கள் படைத்தார்.

கலை நோய் தீர்க்கும் என்று சொல்ல நான் துணியேன். கண்ணுறும் காட்சி வலியைத் தணிக்கலாம் என்பதற்கு மட்டும் ஒரு குறிப்பு உண்டு. 1984இல் ரோசர் உல்ரிக் வெளியிட்ட ஆய்வில், சன்னல்வழி மரங்களைக் கண்ட அறுவை நோயாளிகளுக்கு, செங்கற்சுவரைக் கண்டோரைவிட வீரியமிக்க வலிமருந்து குறைவாகவே தேவைப்பட்டது. அது 46 பேரைக் கொண்ட சிற்றாய்வு. மூட்டிறுக்கத்தைப் பற்றியதும் அன்று.

குன்றேற இயலாத பாட்டி திண்ணையில் அமர்ந்து, பேரன் உச்சியில் எடுத்துவந்த படத்தின் பாறைக்கு விரல்நுனியால் நீலம் ஏற்றலாம். பத்து நிமிடத்தில் மணிக்கட்டு கடுத்தால், சேமித்து மூடிவிடலாம். வலி நான்கு நாள் நீடித்தாலும், ஐந்தாம் நாள் அந்த நீலம் உலராமல் அங்கேயே காத்திருக்கும்.