மூக்கை அழகாக்கப் போறீங்களா? மயக்க ஊசி போடுவது யார்னு முதல்ல கேளுங்க!

அனுமந்தை –

மரக்காணம் பக்கத்து உப்பளத்தில் நின்று பாருங்கள். மேலே வெயில், கீழே பாத்தியின் கூசும் வெளிச்சம். முகம் கறுக்காமல் என்ன செய்யும்? கலியாணப் பேச்சு வந்ததும் கண்ணாடி கையோடு ஒட்டிக்கொள்கிறது. "மூக்கும் சப்பைதான். ஆபரேஷன் பண்ணிக்கிட்டா என்ன?" என்று ஆசை கிளம்புகிறது.

ஆசை தப்பில்லை. அவசரம்தான் தப்பு!

வெயிலில் கறுத்த முகத்துக்குக் கத்தியே வேண்டாம். தோல் டாக்டர் போதும்.

சென்னையில் போன உயிர்

2016 மே மாதம். சென்னையில் 22 வயது மருத்துவ மாணவர் ஒருவர், தலையில் முடி நட அழகு நிலையம் ஒன்றுக்குப் போனார். நடுவில் உடம்பு மோசமானது. சில நாளில் உயிரே போய்விட்டது. விசாரித்தால், முடிவெட்டத்தான் அங்கே லைசென்ஸ்! மயக்க மருந்து கொடுத்தவர் பாதியில் கிளம்பிவிட்டார் என்றும் புகார் எழுந்தது. டாக்டருக்குப் படித்தவருக்கே இந்தக் கதி!

கேட்க வெட்கப்படாதீங்க

* கத்தி பிடிப்பவர் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சி.எச். போன்ற மேல்படிப்பு படித்தவரா? மெடிக்கல் கவுன்சில் பதிவு எண் என்ன?

* மயக்க டாக்டர் கடைசிவரை கூடவே இருப்பாரா? ஆபத்து என்றால் ஆக்சிஜன், அவசர சிகிச்சை அங்கேயே உண்டா?

* சர்க்கரை, ரத்த அழுத்தம், சாப்பிடும் மாத்திரை எதையும் மறைக்காதீங்க. பீடி, சிகரெட் பிடித்தால் புண் ஆறுவது தாமதமாகும். தழும்பு தடித்து வளரும் உடம்பு என்றால் முன்கூட்டியே சொல்லிடுங்க.

* மூக்கு வீக்கம் முழுசாக வடிய ஒரு வருஷம்கூட ஆகும். புதுத் தழும்பில் வெயில் பட்டால் கறுத்துப்போகும். உப்பளத்தில் வேலை என்றால், பாத்தி ஓய்ந்திருக்கும் மழை மாதங்களே நல்லது.

* அழகுக்கான ஆபரேஷனுக்குப் பொதுவாக இன்சூரன்ஸ் பணம் வராது. கடன் வாங்கும் முன் யோசிங்க.

இது வேறு

உதட்டுப் பிளவு, தீக்காயத் தழும்பு, விபத்தில் சிதைந்த முகம் எல்லாம் வெறும் அழகு ஆசை இல்லை, வைத்தியம். புதுச்சேரி ஜிப்மரிலும் சென்னை ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் அரசு ஆஸ்பத்திரிகளிலும் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு உண்டு. தயங்காமல் போங்கள்.

மற்றவர்கள் ஒருதரம் நிதானியுங்கள். சப்பை மூக்கிலும் மூச்சு நன்றாகத்தான் வருகிறது!