கட்டாக்காலி மாடுகளும் மின்வேலியும்

புத்தளம் கரையோரத்தில் அயலவர் இருவர் பகைத்துக்கொள்வதற்குக் காணித் தகராறுதான் வேண்டுமென்பதில்லை. ஒரு பசுவே போதுமானது. கற்பிட்டிக் குடாநாட்டின் மணல் நிலத்தில் கிணற்று நீர் இறைத்து வளர்த்த வெங்காயமும் மிளகாயும் ஓரிரவில் கட்டாக்காலி மாடுகளுக்கு இரையாகும்போது, ஒரு போகத்து உழைப்பே வீணாகின்றது. 1876ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் கட்டளைச் சட்டம் நட்டஈட்டுக்கு வழிகூறினாலும், அழிந்த பயிரை அது மீட்டுத் தரப்போவதில்லை. மறுபுறத்தில், மேய்ச்சல் தரை இல்லாத பால்மாட்டுப் பண்ணையாளரும் வேறு வழியின்றியே மாட்டை அவிழ்த்து விடுகின்றார்.

இப்பிரச்சினைக்கு மின்வேலி ஒரு தீர்வாகலாம். வண்ணாத்திவில்லு, கருவலகஸ்வெவ பகுதி மக்களுக்கு யானை வேலியாக அது அறிமுகமானதே. ஆனால், அதன் செயற்பாட்டைச் சரிவர அறியாமையால் உயிர்கள் பலியாவதையும் நாம் மறந்துவிடலாகாது.

முறையான மின்வேலியின் கம்பியில் மின்சாரம் தொடர்ந்து பாய்வதில்லை. அதற்கென அமைந்த கருவியொன்று, பற்றரியிலிருந்தோ சூரியப் படலிலிருந்தோ மின்னைப் பெற்று, செக்கனுக்கு ஒருமுறை அளவில் மின்துடிப்பொன்றை அனுப்புகின்றது. அதன் அழுத்தம் பல ஆயிரம் வோல்ற்றாக இருப்பினும், அது நீடிப்பது செக்கனின் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே. தொட்ட மாடு அதிர்ந்து விலகிக்கொள்ள அவகாசம் கிடைக்கின்றது. வீட்டு மின்சாரமோ 230 வோல்ற்று மட்டுமேயாயினும் இடைவிடாது பாய்வது. தசைகளை இறுக்கிப் பிடித்தவரை விடுவிக்காது கொல்வது. அதனை வேலிக் கம்பியில் நேரடியாக இணைப்பது சட்டவிரோதம் மட்டுமன்று, வழிதவறி வரும் சிறுவனுக்கு மரணப்பொறி வைப்பதுமாகும்.

மின்வேலி மாட்டைத் தடுப்பது பலத்தால் அன்று, நினைவால். முதல் சில நாட்கள் உறுதியான பட்டியொன்றினுள் கம்பியை அமைத்து மாட்டைப் பழக்கினால், பின்னர் மூக்கு உயரத்தில் ஒற்றைக் கம்பியே பசுவுக்குப் போதும். கன்றுகளுக்குத் தாழ்வாக இன்னொன்று தேவை. முட்கம்பியில் ஒருபோதும் மின்னேற்றலாகாது. சிக்கிய உயிர் மீள முடியாது.

நமது கரையோரத்துக்கே உரிய இரு சிக்கல்கள் உள்ளன. மாட்டின் உடல்வழியே நிலத்தை அடையும் மின், கருவிக்குத் திரும்பினால்தான் அதிர்ச்சி உண்டாகும். வரண்ட மணலோ மின்னை எளிதிற் கடத்தாது. எனவே புவித்தொடுப்புக் கோல்களை ஈரமண் வரை ஆழமாக இறக்க வேண்டும்; அல்லது மின் கம்பிக்கு அருகே புவித்தொடுப்புக் கம்பியொன்றையும் இழுத்து, மாடு இரண்டையும் ஒருங்கே தொடுமாறு அமைக்க வேண்டும். அடுத்தது, கடற்காற்றின் உப்பு. அது கம்பியை அரிப்பதோடு காவலிகளிலும் படிந்து மின்னைக் கசியச் செய்யும். நாகம் பூசிய கம்பியும் ஒழுங்கான துப்புரவும் இங்கு இன்றியமையாதவை. கம்பியைத் தொடும் புல்பூண்டுகளையும் அகற்றிவர வேண்டும்.

தென்னந்தோட்டங்களில் இதன் பயன் இரட்டிப்பாகும். லுணுவிலவில் அமைந்துள்ள தென்னை ஆராய்ச்சி நிறுவகம் தென்னையின் கீழ் மாடு வளர்த்தலை ஆராய்ந்துள்ளது. இடம்மாற்றக்கூடிய கம்பியால் தோட்டத்தைப் பிரித்து மேய்த்தால் புல் மீண்டும் தழைக்கும், சாணம் தென்னைக்கு உரமாகும், இளங்கன்றுகளும் காக்கப்படும்.

எனினும், உள்ளே புல்லும் நீரும் இல்லாதவிடத்துப் பசித்த மாட்டை எந்த வேலியும் நிறுத்திவைக்காது. தீவனப் புல் வளர்ப்பும் வேலியும் ஒருங்கே செல்லவேண்டியவை. தனியொருவரால் தாங்கவியலாத செலவைப் பால் உற்பத்தியாளர் சங்கங்கள் கூட்டாக ஏற்கலாம். கால்நடை வைத்திய அலுவலகங்கள் செய்முறைப் பயிற்சி அளிக்கவும், பிரதேச சபைகள் எச்சரிக்கைப் பலகைகளைக் கட்டாயமாக்கவும் முன்வரவேண்டும். தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் இம்மண்ணில், மாட்டின் பொருட்டு மனிதர் பகைப்பதையும் மாள்வதையும் தவிர்ப்பது நம் அனைவரதும் கடமையாகும்.