எழாத கணிப்பொறியும் எழுப்பும் தகடும்

சென்ற மழைக் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புனே நகரின் கிர்க்கிப் பகுதியில் வசிக்கும் அன்பர் ஒருவர் பழைய மடிக்கணிப்பொறி ஒன்றைத் துணிப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு எங்கள் இல்லத்திற்கு வந்தார். பொத்தானை அழுத்தினால் விளக்கு எரிகிறது. தயாரித்தவர் பெயர் திரையில் தோன்றுகிறது. அதற்கு மேல் இயங்குதளம் எழுவதில்லை. பழுது பார்க்கும் கடையில், உள்ளிருக்கும் யாவற்றையும் அழித்துவிட்டு மீண்டும் நிறுவவேண்டும் என்று கூறிவிட்டார்களாம். அன்பரின் கவலை கணிப்பொறியைப் பற்றியதன்று. கும்பகோணத்தை அடுத்த சிற்றூரில் உள்ள நிலத்தின் பட்டா நகலும், காலஞ்சென்ற தந்தையாரின் ஓய்வூதியத் தாள்களும், அவருடைய புகைப்படங்களும் அதனுள் இருந்தன. வேறு பிரதி இல்லை. மறு வாரம் ஊருக்குச் சென்று தாலுகா அலுவலகத்தில் அவற்றைக் காட்டவேண்டிய நிலையில் அவர் இருந்தார்.

இத்தகைய வேளையில் துணை செய்வதுதான் 'லைவ்' தகடு என்பது. கணிப்பொறியின் உள் வட்டில் உள்ள இயங்குதளத்தைத் தொடாமல், வெளியிலிருந்து ஒரு தகட்டின் மூலமோ பென் டிரைவ் மூலமோ வேறோர் இயங்குதளத்தை எழுப்பி, நினைவகத்திலேயே இயங்கச் செய்யலாம். எழுந்த பின் உள் வட்டைத் திறந்து, வேண்டியவற்றை எடுத்துக்கொள்ளலாம். 2000ஆம் ஆண்டில் ஜெர்மனியைச் சேர்ந்த கிளவுஸ் க்னோப்பர் வெளியிட்ட க்னாப்பிக்ஸ் என்னும் தகடு இம்முறையை உலகெங்கும் பரப்பிற்று. நாங்கள் எடுத்துக்கொண்டது டெபியன் என்னும் லினக்ஸ் வகையின் லைவ் பதிப்பு. அதைத் தகட்டில் ஏற்றுவதில் நாங்கள் இரு முறை தவறினோம் என்பதை ஒளிக்க வேண்டுவதில்லை. அத்தவறுகள் அனைவருக்கும் நேரக்கூடியவை.

முதல் தவறு மிக எளியது. ஆனால் மிகப் பலர் செய்வது. இணையத்திலிருந்து வருவது ஐ.எஸ்.ஓ. என்னும் ஒரே பெரிய கோப்பு. அதை வழக்கமான முறையில் வெற்று டிவிடியில் நகல் எடுத்தோம். கணிப்பொறி அதைச் சட்டை செய்யவே இல்லை. கோலப் புத்தகத்தைக் கொண்டுபோய் வாசலில் வைத்துவிட்டால் கோலம் இட்டதாகாது அல்லவா? அந்தக் கோப்பு ஒரு தகட்டின் முழுப் படிவம். அதைப் புள்ளிக்குப் புள்ளி விரித்துத் தகட்டின்மீது இடவேண்டும்.

காரணம் இதுதான். தகட்டில் உள்ளவை 2048 பைட்டுகள் கொண்ட பகுதிகளாக வரிசையாக அமைந்திருக்கின்றன. தகட்டிலிருந்து எழுப்புவதற்காக 1995ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட எல் டொரீட்டோ என்னும் நெறிப்படி, 17 என்னும் எண்ணுள்ள பகுதியில் ஒரு குறிப்பு இருக்கவேண்டும். எழுப்பும் நிரல் தகட்டில் எங்கே உள்ளது என்பதற்கு வழிகாட்டுவது அக்குறிப்பே. வெறும் நகல் எடுத்தால், படிவத்தின் 17ஆம் பகுதி தகட்டின் 17ஆம் பகுதியில் வந்து உட்காராது. கோப்பின் வயிற்றுக்குள்ளேயே கிடக்கும். பழைய கணிப்பொறி அங்கே தேடிப் பார்த்து, ஒன்றும் காணாமல் திரும்பிவிடும். ஆகவே தகடு எழுதும் மென்பொருளில் 'படிவத்தை எழுது' என்னும் பொருளுடைய கட்டளையையே தேர்ந்தெடுக்க வேண்டும். எழுதி முடிந்த தகட்டைத் திறந்தால் பல அடைவுகளும் கோப்புகளும் தென்பட வேண்டும். ஐ.எஸ்.ஓ. கோப்பு ஒன்று மட்டும் தெரிந்தால் எழுதியது பிழை என்று உடனே அறியலாம்.

இரண்டாம் முறை படிவத்தைச் சரியாகவே எழுதினோம். இயங்குதளம் பாதி எழுந்து நின்றுவிட்டது. தகட்டைக் குறை கூறினோம். கணிப்பொறியின் முதுமையைக் குறை கூறினோம். உண்மையில் மழை நாளில் விட்டு விட்டு வந்த இணைப்பில் கோப்பே சிதைந்து வந்திருந்தது. இதைக் கண்டறிய எழுதுவதற்கு முன்பே ஒரு வழி உண்டு. டெபியன் போன்ற அமைப்புகள் ஒவ்வொரு கோப்புக்கும் 64 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்ட சரிபார்ப்புத் தொகையை வெளியிடுகின்றன. ஷா-256 என்பது அதன் பெயர். நம்மிடம் வந்த கோப்பிற்கும் அதே தொகையைக் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். விண்டோசில் செர்ட்யூடில் என்னும் கட்டளை இதைச் செய்யும். ஓரெழுத்து மாறினாலும் மீண்டும் இறக்கிக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. ஐந்து நிமிட வேலையைச் சோம்பலால் விட்டு, ஒரு பிற்பகலையும் ஒரு தகட்டையும் இழந்தோம்.

புத்வார் பேட்டையின் தாப்கீர் கல்லியில் மின்பொருள்கள் வாங்கிப் பழகிய புனே நேயர்களுக்கு, இன்று வெற்றுத் தகட்டைவிடப் பென் டிரைவே எளிதில் கிடைக்கும் என்று சொல்ல வேண்டுவதில்லை. தகடே வேண்டுமென்றால், 700 மெகாபைட் குறுந்தகட்டில் முழு முகப்புடன் கூடிய இக்கால டெபியன் அடங்காது, 4.7 ஜிகாபைட் டிவிடி வேண்டும். எழுதும் வேகத்தைக் குறைத்து வைத்து, முடிந்தபின் சரிபார்க்கும் வசதியையும் பயன்படுத்துக. பென் டிரைவிலும் நகல் எடுத்தல் பயன் தராது. ரூஃபஸ், எட்சர் போன்ற கருவிகளால் எழுதவேண்டும். எழுதிய பின் அதை விண்டோசில் செருகினால், இதைப் படிக்க இயலவில்லை, வடிவமைக்கலாமா என்று கேட்பதுண்டு. வேண்டாம் என்று விடை கூறுக. இன்னொன்று: எழுதும் கருவி எந்த வட்டில் எழுதப்போகிறது என்பதைப் பெயராலும் கொள்ளளவாலும் இரு முறை பாருங்கள். வேறு வட்டைத் தவறிக் குறித்துவிட்டால், காக்க வந்தவரே அழித்தவர் ஆவார்.

தகடு செம்மையாக இருந்தும் கணிப்பொறி அதை நாடாமல் உள் வட்டையே நாடலாம். பொத்தானை அழுத்தியவுடன் எஃப்12, எஃப்9, எஸ்கேப் போன்ற விசைகளில் ஒன்றைத் தட்டினால் எதிலிருந்து எழுவது என்னும் பட்டியல் வரும். விசை தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். 2012க்குப் பிற்பட்ட கணிப்பொறிகள் பலவற்றில் செக்யூர் பூட் என்னும் காவல் உண்டு. அது ஒப்பமற்ற எழுப்பு நிரலை மறுத்துவிடும். அக்காவலை நீக்குமுன், வட்டு பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டுள்ளதா என்று விசாரித்துக்கொள்க. பூட்டியிருந்தால் 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறவு கையில் இருக்கவேண்டும். அஃதின்றேல் லைவ் தகடும் உள்ளே புக இயலாது. எழுந்த பின் திரை கருத்து நின்றால், தொடக்கப் பட்டியலில் நோமோட்செட் என்னும் சொல்லைச் சேர்த்துப் பார்க்கலாம். உள் வட்டு டக் டக்கென்று ஒலித்தாலோ நிறுத்திவிடுக. அது தகட்டால் தீரும் நோயன்று.

இங்கு ஒரு செய்தி. 1988இல் தொடங்கி, 1991இல் பரம் 8000 என்னும் மீக்கணிப்பொறியை உருவாக்கிய சி-டாக் நிறுவனத்தின் தலைமையிடம் நாம் வாழும் புனேயே. அந்நிறுவனத்தின் சென்னை நிலையத்தார், டெபியனை அடிப்படையாகக் கொண்டு, தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் பயன்படுமாறு பாஸ் என்னும் இயங்குதளத்தை 2007இல் வெளியிட்டனர். புனேத் தமிழர் இருபுறமும் உரிமை கொண்டாடலாம். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிந்துவிட்டது. ஆகையால் பழைய கணிப்பொறி வைத்திருப்போர் இத்தகைய இயங்குதளங்களை லைவ் முறையில் முதலில் இயக்கிப் பார்த்து, பிறகு நிறுவுவதா என்று முடிவு செய்யலாம்.

மூன்றாம் தகடு எழுந்தது. உள் வட்டு படிப்பதற்கு மட்டும் திறந்தது. எழுத இடம் தரவில்லை. முந்தைய இயங்குதளம் முழுதும் மூடப்படாமல் உறங்கிக் கிடந்தால் அவ்வாறாகும். எங்களுக்குப் படிக்க முடிந்ததே போதும். அன்பர் அவசரத்தில் பட்டா நகலை லைவ் முகப்பின்மேல் இழுத்துப் போட்டார். அங்கே வைத்தால் மின்சாரம் நின்றதும் மறைந்துவிடும் என்று கூறி, வேறொரு பென் டிரைவில் பதியச் செய்தோம். பட்டாவும் ஓய்வூதியத் தாள்களும் முழுமையாக வந்தன. புகைப்படங்களில் இரண்டு திறக்கவில்லை. தந்தையார் கிர்க்கித் தொழிற்சாலை வாயிலில் சைக்கிளுடன் நிற்கும் படம் திறந்தது. அன்பர் அதை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தகட்டின்மேல் பதிப்பின் பெயரையும் தேதியையும் எழுதி உறையிலிட்டு வைத்துள்ளோம்.