ஐம்பது கிலோமீட்டர் ஓடலாமா?

சென்ற மாதம் நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு அத்தா அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். கல்லூரியில் படிக்கும் மகன் 50 கிலோமீட்டர் ஓட்டப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டானாம். "போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகுறான்னு சந்தோஷமா இருந்தேன். இப்ப இப்படிச் சொல்றான். விடலாமா, தடுக்கலாமா?" என்று கேட்டார். சுப்ஹு தொழுதுவிட்டு மலையைச் சுற்றியுள்ள சாலையிலும் தென்கால் கண்மாய்க் கரையிலும் ஓடும் பிள்ளைகளை இப்போது நிறையப் பார்க்கிறோம். செல்போனோடு முடங்கிக் கிடப்பதைவிட இது எவ்வளவோ மேல். அதனால் அவருக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாக எல்லோருக்குமே எழுதிவிடலாம் என்று நினைத்தோம்.

மராத்தான் என்பது 42.195 கிலோமீட்டர். அதைத் தாண்டிய ஓட்டம் எல்லாமே அல்ட்ரா மராத்தான்தான். லடாக்கில் கர்துங் லா கணவாய் வழியாக 72 கிலோமீட்டர் ஓடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தூரமுள்ள காம்ரேட்ஸ் ஓட்டம் நூறாண்டைக் கடந்தது. ஆக, மனித உடலால் முடியாத காரியம் அல்ல. அஜ்மீரைச் சேர்ந்த சூஃபியா கான் 2019-ல் காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை 87 நாட்களில் ஓடி வந்தார். அடுத்து டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தாவை இணைக்கும் தங்க நாற்கரச் சாலையின் 6,002 கிலோமீட்டரை 111 நாட்களுக்குள் முடித்தார். சராசரியாக நாளுக்கு 54 கிலோமீட்டர்! ஆனால் அவர் ஒரே மாதத்தில் அப்படி ஆகிவிடவில்லை. சிறு தூரத்தில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் உடலைப் பழக்கியவர்.

அந்தப் பழக்கத்துக்கும் ஓர் எல்லை இருக்கிறது. 2015-ல் அமெரிக்காவைக் குறுக்காக மாதக்கணக்கில் ஓடியவர்களை ஆராய்ந்தார்கள். சும்மா படுத்திருந்தாலே உடல் செலவழிக்கும் சக்தி ஒன்று உண்டு. நீண்ட நாட்களுக்கு அதைப்போல இரண்டரை மடங்குக்கு மேல் உடலால் செலவழிக்க முடியாது என்று கண்டார்கள். அதற்கு மேல் போனால் நம் குடல் உணவிலிருந்து எடுத்துத் தருவது போதாது. உடல் தன்னையே கரைக்கத் தொடங்கிவிடும்.

இது மாதக்கணக்கில் ஓடுகிறவர்களின் கதை. நம் பிள்ளைகளுக்கு ஆபத்து வருவது பெரும்பாலும் ஒரே நாள் காலையில். 2023 ஜூலையில் நம் மதுரையிலேயே ரத்த தான விழிப்புணர்வு மராத்தான் நடந்தது நினைவிருக்கும். அதில் ஓடிய 20 வயதுக் கல்லூரி மாணவர் ஒருவர், ஓடி முடித்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் நன்றாகவே இருந்தார். பிறகு ஏதோ செய்கிறது என்றார், வலிப்பு வந்தது. அரசு ராஜாஜி மருத்துவமனைக்குக் கொண்டு சென்றும் மாரடைப்பு ஏற்பட்டு உயிர் பிரிந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பரில் ஜார்க்கண்ட் மாநிலத்தில் கலால் காவலர் தேர்வு. ஆண்கள் 10 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் ஓட வேண்டும். பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இறந்து, தேர்வைச் சில நாட்கள் நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. 10 கிலோமீட்டர் அல்ட்ரா அல்ல, மராத்தானில் கால்வாசிகூட இல்லை. தூரம் மட்டும் ஆளை வீழ்த்துவதில்லை என்பது இதிலிருந்தே தெரியும்.

மதுரை வெயிலில் முதலில் அஞ்ச வேண்டியது சூட்டுக்குத்தான். ஓடும்போது செலவாகும் சக்தியில் பெரும்பகுதி சூடாகவே மாறுகிறது. வியர்வை காய்ந்தால்தான் அந்தச் சூடு வெளியேறும். காற்றில் ஈரப்பதம் அதிகமிருந்தால் வியர்வை சொட்டுமே தவிரக் காயாது. உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். உடலின் உள்வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, ஓடுகிறவர் உளறினாலோ தள்ளாடினாலோ, கோபமாகச் சம்பந்தமில்லாமல் பேசினாலோ அது வெப்ப மயக்கத்தின் உச்சம், உயிருக்கு ஆபத்து. "தோல் வறண்டிருந்தால்தான் வெப்பத் தாக்கு" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஓடுகிறவர்களுக்கு அப்படியல்ல, உடல் முழுக்க வியர்த்திருக்கும்போதே இது வரும். அப்போது 108-க்குச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை சும்மா காத்திருக்கக் கூடாது. நிழலுக்குத் தூக்கிப்போய், சட்டையைக் கழற்றி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி விசிறிவிட வேண்டும். ஐஸ் கிடைத்தால் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வைக்கலாம். பெரிய தொட்டித் தண்ணீர் பக்கத்தில் இருந்தால் தலையை வெளியே பிடித்துக்கொண்டு அதில் அமர்த்துவது இன்னும் நல்லது. முதல் அரை மணி நேரத்தில் சூட்டைத் தணிப்பதில்தான் பிழைப்பது இருக்கிறது. மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள், புரையேறிவிடும்.

"அப்படியானால் நிறையத் தண்ணீர் குடித்துக்கொண்டே ஓடட்டும்" என்று தோன்றும். அங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது. மணிக்கணக்கில் வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து மூளை வீங்கும். 1980-களில் காம்ரேட்ஸ் ஓட்டக்காரர்களிடம்தான் மருத்துவர்கள் இதை முதலில் விவரித்தார்கள். 2002 பாஸ்டன் மராத்தானில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, சோதிக்கப்பட்டவர்களில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. தலைவலி, வாந்தி, விரல்கள் உப்பி மோதிரம் இறுகுவது, குழப்பம், வலிப்பு எல்லாம் இதற்கு அடையாளம். களைப்பென்று நினைத்து இவருக்கு மேலும் தண்ணீர் கொடுப்பது நெருப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான். தாகம் எடுக்கும்போது குடித்தால் போதும். நீண்ட ஓட்டம் என்றால் உப்புப் போட்ட மோரோ, நீராகாரமோ, ஓ.ஆர்.எஸ். கரைசலோ கூட இருக்கட்டும். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஓடி முடித்தபின் எடை கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறார் என்று அர்த்தம்.

தசை நைவதும் அல்ட்ராவில் அடிக்கடி நடப்பது. நைந்த தசையிலிருந்து வெளியாகும் சத்து சிறுநீரகத்தை அடைக்கும். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த நேரத்தில் நம் பிள்ளைகள் செய்யும் பெரிய தவறு, மெடிக்கல் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடுவது. இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பவை. ஏற்கெனவே நீர் வற்றித் தவிக்கும் சிறுநீரகத்துக்கு அது இரட்டை அடி.

இதய விஷயத்தில் வயதைப் பொறுத்துக் காரணம் மாறும். நாற்பதைத் தாண்டியவருக்கு ரத்தக்குழாய் அடைப்பு. இளைஞருக்குப் பிறவியிலேயே இதயத் தசை தடித்திருப்பது, துடிப்புக் கோளாறு போன்ற மறைந்திருக்கும் குறைகள். வெளியே திடகாத்திரமாகத்தான் தெரிவார். குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா என்று தாத்தா, நன்னியிடம் கேட்டுப் பாருங்கள். ஓடும்போது நெஞ்சுவலியோ மயக்கமோ ஒருமுறை வந்திருந்தாலும் மருத்துவரைப் பார்க்காமல் ஓடக் கூடாது. காய்ச்சல் விட்ட கையோடு ஓடுவதும் கூடாது. கிருமி இதயத் தசையைத் தொட்டிருக்கலாம்.

தேர்ந்தவர்களும் தப்புவதில்லை. 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாகாணத்தில் 100 கிலோமீட்டர் மலை ஓட்டம் நடந்தது. ஆலங்கட்டி மழையும் சூறைக்காற்றும் திடீரென்று வர, மெல்லிய உடையில் ஓடிய 172 பேரில் 21 பேர் குளிரிலேயே இறந்தார்கள். அந்நாட்டின் புகழ்பெற்ற வீரரும் அதில் ஒருவர். மலையில் பாதி வழியில் திரும்புவது தோல்வி என்று நினைக்கிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சிறு பிள்ளைகளைப் பற்றி மட்டும் கண்டிப்பாகவே சொல்கிறோம். 2006 மே 2 அன்று ஒடிசாவில் புதியா சிங் என்ற நான்கு வயதுச் சிறுவன், பூரியிலிருந்து புவனேஸ்வர் நோக்கி 65 கிலோமீட்டர் ஓடினான். கூட்டம் கைதட்டியது, தொலைக்காட்சி கொண்டாடியது. பரிசோதித்த மருத்துவர்கள் ஊட்டச்சத்துக் குறைவு, ரத்தசோகை, இதயத்துக்கு அதிகச் சுமை என்றார்கள். மாநில அரசு அவனது நெடுந்தூர ஓட்டத்துக்குத் தடை போட்டது. குழந்தைகளின் எலும்பு வளரும் முனைகள் மென்மையானவை. வெயிலைத் தாங்கும் திறனும் பெரியவர்களைவிடக் குறைவு. நம் பிள்ளை விளையாட்டாக ஓடட்டும். சாதனைக்காக ஓட்ட வேண்டாம்.

நோன்பு மாதத்தில் பகலில் நெடுந்தூரம் ஓடக் கூடாது. ஓடியே ஆக வேண்டுமென்றால் தராவீஹுக்குப் பிறகு மெதுவாக ஓடலாம்.

அந்த அத்தாவிடம் நாங்கள் சொன்னது இதுதான்: மகன் இப்போது ஓடுவது எவ்வளவு என்று கேட்டோம், 5 கிலோமீட்டர் என்றார். காவலர் தேர்வுக்கு 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடினால் போதும், அதற்கு இந்தப் பயிற்சி தாராளம். 50-க்கு ஆசைப்பட்டால் இந்த ஆண்டு 10, அடுத்து 21 என்று ஏறட்டும். வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். ஓடி முடித்த பிறகு இரண்டு மணி நேரம் தனியாக விடாதீர்கள், குளியலறைக்குப் போனாலும் தாழ் போட வேண்டாம் என்று சொல்லுங்கள். பையன் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டானாம். பிறகு ஈசிஜி எடுக்க ஒப்புக்கொண்டான்.

போட்டிக்குப் பெயர் கொடுத்துள்ள பிள்ளைகளில் ஈசிஜி எடுக்க வசதியில்லாதவர்கள் அஸர் தொழுகைக்குப் பிறகு அறக்கட்டளை அலுவலகத்தில் சொல்லுங்கள். செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அத்தாவோ அம்மாவோ கூட வந்தால் நல்லது, குடும்பத்தில் உள்ள நோய்களை மருத்துவர் கேட்பார்.