ஒட்டியதைப் பிரித்துப் பார்க்கும் படிப்பு

சென்ற தீபாவளிக்கு வீட்டிற்குப் போயிருந்தபோது, கிள்ளானில் கார் பட்டறை வைத்திருக்கும் மாமா, "கடைசி வருசம் என்னப்பா ஆய்வு?" என்று கேட்டார். அலுமினியத்தையும் பைபரையும் பசையால் ஒட்டி, பிறகு இழுத்துப் பிரித்துப் பார்க்கிறேன் என்றேன். "ஒட்டுனத பிச்சுப் பாக்கவா நாலு வருசம் படிக்கிற?" என்று சிரித்துவிட்டார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. தமிழ்ப்பள்ளிக்குப் பிறகு அறிவியலை மலாயிலும் ஆங்கிலத்திலுமே படித்தவன் நான். அன்று சொல்லத் தெரியாததை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

பைபர் என்று நாம் சொல்வது, கண்ணாடி இழைத் துணியை அடுக்கடுக்காக வைத்து, பிசின் ஊற்றி இறுகச் செய்த பிளாஸ்டிக். எடை குறைவு, துருப்பிடிக்காது. படகு, பேருந்து, விமானம் என எங்கு போனாலும் இதை உலோகத்தோடு இணைக்க வேண்டியிருக்கிறது. துளையிட்டுப் போல்ட் முடுக்கினால் இழைகள் அறுபடும். சுமையும் அந்தத் துளையைச் சுற்றியே விழும். அதனால்தான் பசை. ஏர்பஸ் ஏ380 விமான உடலின் மேற்பகுதியில் பயன்பட்ட 'கிளேர்' என்னும் தகடே, மெல்லிய அலுமினியத்தையும் கண்ணாடி இழை அடுக்குகளையும் மாற்றி மாற்றி ஒட்டிச் செய்ததுதான்.

சோதனை பார்ப்பதற்கு எளிமையானது. 25 மில்லிமீட்டர் அகலமுள்ள அலுமினியப் பட்டையும் அதே அகலமுள்ள பைபர் பட்டையும் 12.5 மில்லிமீட்டர் மட்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எபோக்சி பசையால் ஒட்டுகிறோம். இரு முனைகளையும் இயந்திரம் பிடித்து இழுக்கிறது. 4,000 நியூட்டனில், அதாவது ஏறக்குறைய 400 கிலோ எடை தொங்கும் அளவு விசையில் பிரிந்தால், அதைப் பரப்பளவால் வகுத்து 12.8 மெகாபாஸ்கல் என்று எழுதுகிறோம்.

ஆனால் இந்த எண் பாதி உண்மைதான். விசை பசை முழுவதும் சமமாகப் பரவுவதில்லை. பட்டைகள் ஒரே கோட்டில் இல்லாததால், இழுக்கும்போது இணைப்பு வளைகிறது. இரு ஓரங்களிலும் பசை உரிபடுகிறது. கோலண்டும் ரைஸ்னரும் 1944-இலேயே இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஒட்டும் நீளத்தை இரட்டிப்பாக்கினால் வலிமை இரட்டிப்பாகாததும் இதனால்தான். பைபருக்கு இன்னொரு சிக்கல்: அதன் இழைகள் படுக்கையாகக் கிடக்கின்றன. மேல்நோக்கி உரித்தால் அடுக்குகளைப் பிடித்து வைத்திருப்பது வெறும் பிசின்தான். ஆகவே நல்ல பசையாக இருந்தால் பசை விடாது, பைபர்தான் கிழியும்.

என் முதல் ஐந்து துண்டுகளில் நான்கு நல்ல எண்களைத் தந்தன. ஐந்தாவது பாதி விசையிலேயே கழன்றது. அதை விட்டுவிட்டு மற்ற நான்கின் சராசரியை எழுத நினைத்தேன். கையில் இருந்ததோ ஆறே வாரங்கள்! ஆய்வுக்கூடத்தில் இருந்த அபாங், "கணினியைப் பார்த்தது போதும், இதைப் பார்" என்று மலாயில் சொல்லி, ஐந்து துண்டுகளையும் மேசைமேல் திருப்பி வைத்தார். எல்லாவற்றிலும் அலுமினியப் பக்கம் கண்ணாடிபோல் பளபளத்தது. பசை முழுவதும் பைபர் பக்கமே இருந்தது. பசை உலோகத்தைப் பிடிக்கவே இல்லை. ஐந்தாவது துண்டு விதிவிலக்கு அல்ல. மற்ற நான்கின் குறையை அதுதான் வெளிப்படையாகக் காட்டியது.

குற்றம் என்னுடையதே. வெள்ளிக்கிழமை மணல்தாளால் தேய்த்த அலுமினியத்தைத் திங்கட்கிழமை ஒட்டியிருந்தேன். இடையில் கையுறை இல்லாமல் தொட்டும் இருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலமே போதும், பசையைக் கெடுக்க. சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு: தகட்டின்மேல் சுத்தமான நீரை ஊற்ற வேண்டும். நீர் படலமாகப் பரவி நின்றால் சுத்தம்; சேம்பிலையில் உருள்வதுபோல் துளித்துளியாகத் திரண்டால் மறுபடியும் கழுவ வேண்டியதுதான்.

நீரைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்ல வேண்டும். 1988 ஏப்ரல் 28-ஆம் நாள், ஹவாயில் அலோகா நிறுவனத்தின் போயிங் 737 விமானத்தின் கூரை 24,000 அடி உயரத்தில் பிய்ந்துபோனது. விமானப் பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். அது உலோகத்தோடு உலோகத்தை ஒட்டிய இணைப்பு. பசை விட்டு, ஈரம் புகுந்து அரித்து, சுமை ரிவெட்டுகளின்மேல் விழுந்து, அங்கே விரிசல்கள் வளர்ந்திருந்தன. புதிதாக ஒட்டியபோது எடுத்த எண், பத்து ஆண்டு ஈரத்திற்குப் பிறகு என்ன ஆகும் என்பதைச் சொல்லாது. நம் நாட்டு மழையில் இது சிறிய கேள்வியா?

எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டு மீண்டும் தொடங்கினேன். இம்முறை தேய்த்த ஒரு மணி நேரத்திற்குள் ஒட்டினேன். பத்துத் துண்டுகளில் ஐந்தை இழுத்தாயிற்று. சராசரி கொஞ்சம்தான் கூடியது. ஆனால் அலுமினியப் பக்கத்தில் பிய்ந்த கண்ணாடி இழைகள் மயிர்போல் ஒட்டிக்கொண்டிருந்தன. அபாங் விரலால் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

மற்ற ஐந்தும் 60 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கின்றன. அடுத்த வாரம் இழுக்க வேண்டும்.